எருக்குழியிற் கிடைத்த பை

சென்ற ஆண்டு மலரில், விடுதிச் செய்திகள் என்ற பகுதியின் கடைசியில், “நமது விடுதி இவ்வாண்டு முதல் பாலிதீனை அறவே ஒழித்து, மண்ணோடு மண்ணாகும் பைகளையே கையாண்டு வருகிறது” என்றொரு வரி வெளியாகியிருந்தது. அன்பர் பலர் அதனைப் படித்து மகிழ்ந்தனர். பழைய மாணாக்கர் ஒருவர் கோயம்புத்தூரிலிருந்து வாழ்த்துக் கடிதமும் எழுதினார். அவ்வரியை எழுதியவர் யாமே. அது முழுதும் உண்மையன்று என்பதை, அச்சேறிய இரண்டு மாதத்துக்குள் அறிந்துகொண்டோம். பத்திராதிபர் இவ்வாண்டும் ஏதேனும் எழுதித் தருமாறு கேட்டபொழுது, வேறொரு விஷயத்தை எடுத்துக்கொள்ள மனம் ஒப்பவில்லை. ஆகவே அவ்வரி பிறந்த வரலாற்றையும், அது எம்மைக் கொண்டுபோய் நிறுத்திய இடத்தையும் ஈண்டுக் கூறத் துணிந்தோம்.

இரசாயன சாஸ்திரம் கற்பிப்பது எமது தொழில். விடுதிக் காப்பு எம்மேல் வந்து விழுந்த கடமை. விடுதியில் 240 மாணாக்கர் உணவருந்துகின்றனர். இவ்வளவு பேருக்குச் சமைக்கும் இடத்திற்கு நாள்தோறும் பண்டங்கள் வந்து சேரும். அவற்றைப் பொதிந்த மெல்லிய தாள்களும் உடன் வந்து சேரும். பால், ரொட்டி, பருப்பு, உப்பு, எண்ணெய் ஆகிய எதுவும் இக்காலத்தில் தனித்து வருவதில்லை. ஒவ்வொன்றும் கண்ணாடிபோன்ற ஒரு சட்டையணிந்தே வருகிறது. யாம் இளமையிற் கண்ட பனையோலைக் கொட்டானும், மந்தார இலையும், வாழைச் சருகும் எமது ஊர்க் கடைத்தெருவில் அருகிவிட்டன. கருப்பட்டி மட்டும் இன்னும் சிற்சில கடைகளில் ஓலைப் பெட்டிக்குள் வீற்றிருக்கக் காண்கிறோம். அதனையும் கடைக்காரர் நிறுத்துத் தருவது ஒரு பையில் இட்டுத்தான்.

இத்தாள்கள் எமது விடுதியில் வீணானதில்லை. சமையற்கட்டிற் பாத்திரம் துலக்கும் மூதாட்டி ஒருவர் உண்டு. மாணாக்கர் அனைவருக்கும் அவர் ஆச்சி. பால் உறைகளைக் கத்தரித்து, கழுவி, கொடியில் உலர்த்தி, வெண்மையானவற்றை ஒரு சாக்கிலும் நிறமுள்ளவற்றை வேறொரு சாக்கிலும் அவர் இட்டு வைப்பார். பதினைந்து நாளுக்கு ஒருமுறை, பழம்பொருள் வாங்கும் அண்ணாச்சி மூன்று சக்கர வண்டியோடு வருவார், நிறுத்துப் பணந்தருவார். அப்பணம் ஒரு தகர உண்டியலிற் சேர்ந்து, கிறிஸ்துமஸுக்கு முன் சமையற்கட்டுப் பணியாளர் ஒன்பதின்மருக்கும் பங்காகும். பெருந்தொகையன்று, ஆயினும் ஆச்சி தம் பேரப்பிள்ளைகளுக்குத் துணி எடுப்பது அதனைக் கொண்டேதான். விடுதியின் கணக்குப் புத்தகத்தில் இவ்வரவு எக்காலத்தும் ஏறியதில்லை. ஆதலின் எமது கண்ணிலும் அது பட்டதில்லை.

தமிழ்நாட்டரசார் 2018-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஓர் ஆணை பிறப்பித்து, ஒருமுறை வழங்கி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் 14 வகையினை, 2019 ஜனவரி முதல் நாள் தொட்டு விலக்கினர் என்பது யாவரும் அறிந்ததே. அவ்வாணையிலேயே சில விலக்குகளும் இருந்தன. பால், எண்ணெய், மருந்து முதலியவற்றின் உறைகள் தடைக்கு உட்படவில்லை; மட்குந் தன்மையுடையதென்று 17088 என்னும் எண்ணுள்ள இந்தியத் தரவிதிக்கு இசைந்த பைகளும் உட்படவில்லை. பின்னர் 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ என்னும் இயக்கமும் தொடங்கிற்று. மஞ்சட்பையிற் காய்கறி வாங்கலாம், புத்தகம் சுமக்கலாம். எச்சிற் சோற்றையும் குழம்பு வழியும் இலையையும் அதிற் கட்டி வைத்தல் இயலுமா? குப்பைக்கூடைக்கு உட்பையாக எதை இடுவது என்பதே எம்முன் நின்ற கேள்வி.

இந்நிலையில், 2024-ஆம் ஆண்டு ஆனி மாதத்தில், விற்பனையாளர் ஒருவர் எமது அறைக்கு வந்தார். வெளிறிய பச்சை நிறமுள்ள ஒரு பையினை மேசைமேல் விரித்தார். தொட்டால் பாலிதீனைவிடச் சற்றே மென்மை, பட்டின் வழுவழுப்பு. அதன்மேல் ‘மட்கும்’ என்னும் சொல்லும், தரவிதியின் எண்ணும், ‘180 நாள்’ என்ற உறுதியும் அச்சிட்டிருந்தன. விலை பழையதைப்போல் ஏறக்குறைய மும்மடங்கு. எளிதில் ஏமாறுபவர் அல்லோம் என்ற எண்ணம் எமக்கு உண்டு. ஆகவே ஒரு துண்டு கத்தரித்துச் சோதனைச் சாலைக்குக் கொண்டுபோய், ஒரு கண்ணாடிக் குழாயிற் குளோரோபாரம் வார்த்து அதிலிட்டோம். பக்கத்துக் குழாயிற் பாலிதீன் துண்டு ஒன்றினை இட்டோம். பாலிதீன் அசையாது கிடந்தது. புதியதோ சிறிது நேரத்திற் கரைந்து, கலங்கிய ஒரு நீர்மமாயிற்று. பட்ட வகுப்பு மாணாக்கர் சூழ நின்று வியந்தனர். குளோரோபாரத்திற் கரைவது ஒன்று, மண்ணில் மட்குவது மற்றொன்று என்பது அவ்வேளையில் அங்கிருந்தோரில் ஒருவருக்கும் தோன்றவில்லை, எமக்குந்தான்.

விடுதிக் குழுவினர் விலையைக் கேட்டுத் தயங்கினர். யாம் ஒரு நீண்ட சொற்பொழிவு நிகழ்த்தி அவர்களை இசைவித்தோம். மறுவாரமே பழைய பைகள் போயின. குப்பைக்கூடைக்கும், ஊருக்குப் புறப்படும் மாணாக்கர்க்குச் சிற்றுண்டி கட்டிக் கொடுப்பதற்கும் பச்சைப் பைகளே வந்தன. அன்று ஆச்சி எம்மை வழியில் நிறுத்தி, “ஐயா, இந்தப் புதுப் பைய எந்தச் சாக்குல போடட்டும்?” என்று கேட்டார். “மண்ணாய்ப் போகிற பைதானே, ஆச்சி, எதிலே போட்டால் என்ன?” என்று சொல்லிக்கொண்டே யாம் நடந்துவிட்டோம். வகுப்பு மணி அடித்துவிட்டது என்பது எமது சாக்கு.

அவ்வாரத்திலேயே விடுதிக்குப் பின்புறம், புளியமரத்தடியிலுள்ள எருக்குழியில், காய்கறித் தோல் நிரப்பிய பச்சைப் பை ஒன்றினைப் புதைத்து, அவ்விடத்தில் ஒரு மூங்கிற் குச்சி நட்டு, அன்றைய தேதியையும் எழுதிக் கட்டினோம். தை மாதத்தில் மாணாக்கரைக் கூட்டிவந்து, தோண்டி, வெறும் மண்ணைக் காட்டவேண்டும் என்பது எமது ஆசை. அதன்பின்னரே மலருக்கு அந்த வரியை எழுதிக் கொடுத்தோம். மலர் ஆவணியில் வெளிவந்தது.

ஐப்பசி மாதத்து மழைநாள் ஒன்றில் அண்ணாச்சி வண்டியின்றி வந்தார். தாழ்வாரத்திற் செருப்பைக் கழற்றிவிட்டு, மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து, எமது உள்ளங்கையிற் கொட்டினார். பழைய பிளாஸ்டிக்கை உருக்கி வெட்டிய மணிகள் அவை. தொழிலில் அவற்றைத் ‘தானா’ என்பர். நல்ல பாலிதீன் தானா மிளகுபோல் ஒரே அளவாகவும் வழவழப்பாகவும் இருக்கும். இவையோ பொரிந்தும், உள்ளே குமிழிட்டும், இடையிடையே பழுப்புப் புள்ளி விழுந்தும் இருந்தன.

“ஐயா, ஒங்க காலேஜுச் சரக்குன்னு நம்பி மில்லுல கழுவாமலே போட்டுட்டாவ,” என்றார் அவர். “ஆச்சி கட்டுத மூட்டையில மண்ணு இருக்காது, ஈரம் இருக்காது. பத்து வருசமா அப்படித்தான் போடுதாவ. இந்தத் தடவ முழுக்கப் போச்சு. என் கணக்குல கழிச்சிட்டாவ.”

கழித்த தொகை 6,300 ரூபாய். அவர் வாயினின்று வசவு ஒன்றும் வரவில்லை. அதுவே எமக்கு மிகுந்த சங்கடமாயிற்று. இரண்டு கடுஞ்சொல் சொல்லியிருந்தாரானால், யாமும் ஏதேனும் சமாதானம் கூறித் தப்பியிருப்போம்.

மறுநாள் அவரோடு ஊர்ப்புறத்திலுள்ள அந்த மில்லுக்குச் சென்றோம். மில் என்னும் சொல் பெரிது. இடம் ஒரு தகரக் கொட்டகை. அதில் இரண்டு பொறிகள் இருந்தன. முதற்பொறி ஓர் அண்டா போன்றது. அடியிற் கத்திகள் சுழல்கின்றன. உள்ளே இட்ட மெல்லிய தாள் அரைபட்டு, உராய்வின் சூட்டினாலேயே இளகிச் சுருங்குகிறது. தக்க வேளையறிந்து ஆள் ஒருவர் ஒரு குவளை நீரைத் தெளிக்கவே, அது பொரிபோல் உதிரியாகிவிடுகிறது. ஊதினாற் பறக்கும் தாளைக் கையால் அள்ளும் பண்டமாக்குகிற இவ்வித்தையைக் கண்டு சிறிது நேரம் வந்த காரியத்தையே மறந்து நின்றோம். அடுத்த பொறியில் அவ்வுதிரி உருகி, ஒரு திருகினால் உந்தப்பட்டு, துளைத்தட்டின் வழியே இடியாப்பம்போல் இழை இழையாய் வெளிவந்து, நீர்த்தொட்டியில் முழுகி, நறுக்குண்டு மணிகளாகிறது. எமது மூட்டை போன நாளில் இழைகள் அறுந்தறுந்து விழுந்தனவாம். பொறியைக் கழற்றித் துடைக்க ஒரு பகல் ஆயிற்றாம்.

காரணம் அங்கு நின்றபடியே எமக்கு விளங்கிற்று. பாலிதீன் மெழுகினத்தைச் சேர்ந்தது; பைக்கு வழங்கும் வகை ஏறத்தாழ 110 சென்டிகிரேடு பாகையில் உருகிவிடும். பச்சைப் பையோ வேறு குலம். தயிரிற் புளிப்பாயிருக்கும் லாக்டிக் அமிலத்தைக் கண்ணி கண்ணியாகக் கோத்த சங்கிலி அதில் ஒரு பங்கு. விறைப்பான அச்சங்கிலிக்கு நெகிழ்ச்சி தருவதற்காகச் சேர்த்த, பி.பி.ஏ.டி. என்று சுருக்கி வழங்கும் மற்றொரு பொருள் ஒரு பங்கு. மாவுப்பொருள் ஒரு பங்கு. எண்ணெயும் நீரும் போல இவை பாலிதீனோடு ஒன்றா. லாக்டிக் அமிலச் சங்கிலி உருகுவதற்கு 150 பாகைக்கு மேல் வேண்டும்; ஈரம் சிறிது கலந்திருந்தாலும் அச்சூட்டில் அது அறுந்துபோம். மாவு கருகும். எமது வகுப்பிலுள்ள மாணாக்கன் ஒருவனைக் கேட்டிருந்தாலும் இதனைச் சொல்லியிருப்பான். ஆனால் கேட்டவர் ஆச்சி ஒருவரே. அவர் கேட்டதும் எம்மைத்தான்.

கொட்டகையின் ஓரத்தில் ஒரு கழுவு தொட்டியும் இருந்தது. பிறவிடத்துச் சரக்கையெல்லாம் அதிலிட்டுக் கலக்குகின்றனர். பாலிதீன் நீரினும் இலேசு, ஆகவே மிதக்கும். பச்சைப் பையின் பொருள் நீரினும் ஏறக்குறையக் கால் பங்கு கனம், அமிழும். எமது மூட்டையையும் ஊரார் மூட்டைபோல் அத்தொட்டியில் இட்டிருந்தால், பச்சைப் பைகள் அடியிற் போயிருக்கும், தீங்கு நேர்ந்திராது. பத்து ஆண்டாக ஆச்சி ஈட்டிய நற்பெயரே அதனைத் தொட்டிக்குத் தப்புவித்துப் பொறிக்குள் அனுப்பிற்று.

அண்ணாச்சிக்குத் தொட்டியும் வேண்டுவதில்லை. ஒரு பையைக் காதருகே கசக்கி ஓசையால் இன்னதென்று சொல்கிறார். ஐயம் வந்தால் ஓரத்திற் சிறிது கொளுத்தி முகர்ந்து பார்க்கிறார். பாலிதீன் மெழுகுவர்த்தியை அணைத்தாற்போல் மணக்கும். பச்சைப் பை தாள் தீய்ந்த வாடை வீசிற்று. எமது குளோரோபாரச் சோதனையை அவரிடம் சொன்னோம். “நல்லது ஐயா, அந்தத் தண்ணி வெல என்ன?” என்று கேட்டார்.

அன்றிரவு தொட்டு, முன்னரே படித்திருக்கவேண்டிய நூல்களைப் படிக்கலானோம். படித்தவற்றுள் எம்மை வியப்பிலாழ்த்திய செய்தி ஒன்று உண்டு. மட்கும் தாள் என்பது புதிய கண்டுபிடிப்பு என்றே யாம் எண்ணியிருந்தோம். உண்மையில் அது பாலிதீனுக்கு மூத்தது. சுவிட்சர்லாந்து தேசத்தவரான ஜாக் பிராண்டன்பெர்கர் என்னும் ரசாயன அறிஞர், உணவுச் சாலை ஒன்றின் மேசைவிரிப்பில் திராட்சை மது சிந்தக் கண்டு, கறைபடியாத துணி செய்ய முயன்றாராம். துணிமேற் பூசிய பூச்சு தனியே தோலாய் உரிந்துவந்தது; 1908-ஆம் ஆண்டை ஒட்டிச் செலோபேன் பிறந்தது. அது மரக்கூழினின்று வந்தது. மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதனை உண்டுவிடும். பாரிஸில் பாஸ்டர் நிலையத்தைச் சேர்ந்த மோரிஸ் லெமுவான் என்பவர், சில நுண்ணுயிர்கள் தம் உடலிற் கொழுப்புப்போற் சேமித்து வைக்கும் ஒருவகைப் பிளாஸ்டிக்கை 1926-இற் கண்டறிந்தார். நைலானால் புகழ்பெற்ற காரோதர்ஸ் 1932-இல் லாக்டிக் அமிலச் சங்கிலியை ஆராய்ந்தார். இங்கிலாந்தில் கிப்சன், ஃபாசெட் என்னும் இருவர், வேறொன்றை நாடி எத்திலீன் வாயுவைப் பேரழுத்தத்தில் அடைத்து வைத்து, வார இறுதி கழிந்தபின் பாத்திரத்தில் வெண்மெழுகு ஒட்டியிருக்கக் கண்டது 1933-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில். அந்த வெண்மெழுகே பாலிதீன்.

மூத்தவை இருக்க இளையது எங்ஙனம் உலகை ஆண்டது? செலோபேனின் வரலாற்றிலேயே இதற்கு விடை கிடைக்கிறது. முதலில் வந்த செலோபேன் தாளினூடே ஈரம் தாராளமாய்ப் போய் வந்தது; உள்ளிருந்த பண்டம் கெட்டது. அமெரிக்காவில் டூபாண்ட் கம்பெனியைச் சேர்ந்த வில்லியம் சார்ச் என்பவர் பற்பல பூச்சுக்களைச் சோதித்து, 1927-இல் அதற்கு ஈரம் புகாத மெழுகுச் சட்டை ஒன்று அணிவித்த பின்னரே அது ஈரத்தாற் கெடும் பண்டங்களுக்குத் தக்கதாயிற்று. பண்டத்தைப் பொதிந்த தாள் நீரையும் கிருமியையும் வெளியே நிறுத்தவேண்டும். அதற்குத்தான் அதனை வாங்குகிறோம். பண்டத்தை எடுத்துக்கொண்ட மறுகணம் அதே நீருக்கும் கிருமிக்கும் அது இரையாகவேண்டும் என்று விரும்புகிறோம். பாலிதீன் முன்னதைச் செவ்வனே செய்தது. பின்னதைப்பற்றி அக்காலத்தில் எவரும் கேட்கவில்லை.

கிறிஸ்துமஸ் வந்தது. அதற்கு முன்னரே 6,300 ரூபாயை எமது சம்பளத்திலிருந்து அண்ணாச்சியிடம் கொடுத்தோம். அவர் எண்ணிப் பார்த்து வாங்கி மடியிற் செருகிக்கொண்டார். ஆயினும் அதன்பின் அவர் வண்டி எமது வாயிலுக்கு வரவில்லை. மில்லுக்காரர் எமது சரக்கு வேண்டாமென்று சொல்லிவிட்டாரென ஆச்சி கேள்விப்பட்டார். உண்டியலைத் திறந்தபொழுது, முன்னைய மாதங்களின் மிச்சமாக 870 ரூபாய் இருந்தது. ஒன்பதின்மருக்கும் பங்கிட்டால் ஆளுக்கு நூறு ரூபாய்கூட இல்லை. விடுதி நிதியிலிருந்து குறைவை நிரப்பிவிடலாமென்று குழுவினர் பெருந்தன்மையோடு முன்வந்தனர். மற்றவர் பெற்றுக்கொண்டனர். ஆச்சி மட்டும், “அது நாங்க சம்பாதிச்ச காசு ஐயா, இது வேற,” என்று சொல்லி, தம் பங்கைப் பாட்டுக் குழுவுக்குக் கொடுத்துவிட்டார்.

தை பிறந்தது. சொன்ன சொல் தவறலாகாதென்று மாணாக்கரைக் கூட்டிக்கொண்டு எருக்குழிக்குச் சென்றோம். மூங்கிற் குச்சியிற் கட்டிய சீட்டு மழையில் அழிந்திருந்தது. ஒரு மாணாக்கன் மண்வெட்டியால் இரண்டு கொத்துக் கொத்தினான். மூன்றாவது கொத்திற் பை அகப்பட்டது. காய்கறித் தோல் எருவாகியிருந்தது. பை இருந்தது. பூச்சி அரித்த பழஞ்சேலைபோல் ஆங்காங்கே துளைவிட்டு, தொட்ட இடத்திற் கிழியும் பதத்திலிருந்தாலும், பையாகவே இருந்தது. ‘மட்கும்’ என்ற சொல் மாத்திரம் ஓர் எழுத்தும் சிதையாமல் விளங்கிற்று. மாணாக்கர் சிரித்தனர், யாமும் சிரித்தோம்.

விற்றவர்மேற் குறை சொல்ல வழியில்லை. தரவிதியை அன்றுதான் முதலிலிருந்து கடைசிவரை படித்தோம். 180 நாள் என்பது எவ்விடத்தும் 180 நாள் அன்று. 58 பாகைச் சூட்டில் வைத்த எருக்குவியலில், பொருளின் கரியிற் பத்தில் ஒன்பது பங்கு அக்காலத்துக்குள் கரியமில வாயுவாகிவிட வேண்டும். 12 வாரத்தில் 2 மில்லிமீட்டர் சல்லடையிற் சலித்தால், பத்தில் ஒரு பங்குக்கு மேல் அதன்மேல் தங்கலாகாது. இவ்வளவும் ஆலைபோல் நடத்தும் பெரிய எருக்களத்தை நோக்கிச் சொன்னது. புளியமரத்தடிக் குழியில் வெப்பமானியைச் செருகிப் பார்த்தோம்: 33 பாகை. லாக்டிக் அமிலச் சங்கிலி 60 பாகையை ஒட்டித்தான் இளகும். அதற்குக் கீழே கண்ணாடிபோல் விறைத்து நிற்கும். முதலில் நீர் உள்ளே நுழைந்து சங்கிலியைச் சிறு துண்டுகளாக அறுத்தல் வேண்டும். அதன்பின்னரே நுண்ணுயிர்கள் அதனை உண்ணும். குளிர்ந்த குழியில் நீரின் வேலை ஆமை நடையாகிறது. மாவுப்பொருளை மட்டும் நுண்ணுயிர்கள் விரைவில் தின்றுவிட்டன. துளைகள் வந்தது அதனால் என்று கொள்கிறோம்.

“அப்படியானால் இது பொய்ப் பையா, ஐயா?” என்று ஒரு மாணாக்கன் கேட்டான். பொய்ப் பைகளும் உலகில் உண்டு. பாலிதீனிலேயே மாங்கனீசு, கோபால்ட்டு முதலியவற்றின் உப்புக்களைச் சிறிது கலந்து, ‘சிதையும் பை’ என்று விற்றனர். வெயிலிலும் காற்றிலும் அது துண்டுதுண்டாய் உடையும். உடைந்த துண்டு பாலிதீன் துண்டாகவே நிற்கும். ஐரோப்பிய ஒன்றியத்தார் 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இவ்வகையை விலக்கினர். நம் நாட்டிலும் 2024-இல் திருத்திய விதிகளின்படி, நுண்துகள் எச்சம் விடுவதனை உயிரியற் சிதைவுடையது என்று சொல்லலாகாது. இங்கிலாந்தில் பிளிமத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நேப்பர், தாம்சன் என்னும் இருவர், ஐவகைப் பைகளை மண்ணிலும் கடலிலும் வெட்டவெளியிலும் இட்டு மூன்றாண்டு சோதித்து, 2019-இல் முடிவினை வெளியிட்டனர். ‘உயிரியற் சிதைவுடையது’ என்று அச்சிட்ட பை மூன்றாண்டு மண்ணிலும் கடலிலும் கிடந்த பின்பும், கடைச் சாமான் சுமக்கும் வலிவோடு இருந்ததாம். எமது பச்சைப் பையின் இனத்தைச் சேர்ந்த மட்கும் பையோ, கடலில் மூன்று மாதத்துள் மறைந்துவிட்டது. மண்ணில் 27 மாதமாகியும் கிடந்தது, எனினும் சுமை தாங்கும் வலிவு போய்விட்டது. ஆகவே எமது பை பொய்யன்று. இடமறியாமல் அதனை இட்டது எமது பிழை.

இதனை மாணாக்கர்க்கு மெய்ப்பிக்க வேண்டுமென்று ஒரு பிடிவாதம் எமக்கு உண்டாயிற்று. சாணம், வேப்பஞ்சருகு, காய்கறித் தோல் ஆகியவற்றை அடுக்கி, ஆளுயரம் ஒரு குவியல் எழுப்பினோம். சிறு குழி தன் சூட்டைச் சுற்றுமண்ணுக்குக் கொடுத்துவிடும். பெருங்குவியல் தனக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். நாலாம் நாள் வெப்பமானி 61 பாகை காட்டிற்று. மாணாக்கர் நால்வர் முறைவைத்து வாரம் இருமுறை கிளறி, காய்ந்தபொழுது நீர் தெளித்தனர். அரித்த பழைய பையையும் புதிய பைகள் சிலவற்றையும் அதனுள் வைத்தோம். பங்குனி முடிவிற் சலித்துப் பார்த்தபொழுது, விரல்நகம் அளவுள்ள சில பச்சைத் துணுக்குகளே கிடைத்தன. அக்குவியலுக்காகச் சென்ற உழைப்பினை எண்ணிப் பார்த்தால், எத்தனை விடுதிகள் இதனைச் செய்யும் என்ற ஐயம் எழாமலில்லை.

இப்பொழுது எமது கருத்தைக் கேட்பின், உணவெச்சம் ஒட்டிப் பிசுபிசுத்த பை மில்லுக்கு உதவாது; அதற்குப் பச்சைப் பை ஏற்றது, சூடான குவியல் ஒன்று உண்டாயின். உலர்ந்த பண்டத்தைப் பொதிந்துவந்த சுத்தமான பாலிதீன் தாளை ஆச்சியின் கொடிக்கும் அண்ணாச்சியின் வண்டிக்கும் விட்டுவிடுதல் நலம். இரண்டும் ஒரே சாக்கிற் கலந்தால் இரண்டும் கெடும். பாலிதீன் எருவைக் கெடுக்கும், பச்சைப் பை தானாவைக் கெடுக்கும். சிற்றுண்டி கட்டுவதற்கு எப்பையும் வேண்டாமென்று நிறுத்திவிட்டோம். வாரச் சந்தைக்கு வரும் பெண்மணி ஒருவர் மந்தார இலைக் கட்டுக் கொண்டுவந்து தருகிறார். இட்டிலிக்கு அது போதும். சாம்பாருக்கு மாணாக்கரே தூக்குப் பாத்திரம் கொண்டுவருகின்றனர், சிலர் முணுமுணுத்துக்கொண்டு.

சமையற்கட்டு வாயிலில் ஆச்சி ஒரு பெரிய வாளியில் நீர் நிரப்பி வைத்திருக்கிறார். ஐயமுள்ள பையைச் சிறிது கத்தரித்து, சோப்பு நீரில் நனைத்து, அதில் அமிழ்த்திக் கைவிடுவார். மேலே வந்தால் கொடிக்கு. அடியிற் போனால் குவியலுக்கு. பால் உறையோ, பருப்புப் பையோ, பல அடுக்குள்ள மினுக்குத் தாளோ, எதுவானாலும் எம்மைக் கேட்பதில்லை. மினுக்குத் தாள்களைத் தனியே மூன்றாவது சாக்கில் இடுகிறார். அதனை வாங்குவோர் இன்னும் எவரும் வரவில்லை, சாக்கு நிரம்பிக்கொண்டே வருகிறது.

அண்ணாச்சி மாசி மாதம் மீண்டும் வரத் தொடங்கினார். வாளியை எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. மூட்டையை அவிழ்த்து, கைவிட்டுத் துழாவி, காதருகே கசக்கி, நிறுத்து, பணத்தை உண்டியலில் இட்டார். முன்னையினும் கிலோவுக்கு இரண்டு ரூபாய் குறைவு. எமது மூட்டையையும் இப்பொழுது கழுவித்தான் போடுகிறார்களாம். அது கழுவு கூலி.